பிரவுன்ஸ் 16 ஆட்டத்திலும் அடிவாங்கியதா?

2017 சீசனில் அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 16-க்கு 16 தோற்றது உண்மைதான். ஆனால் "ஒன்றில்கூடப் போட்டியே கொடுக்கவில்லை" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆறு ஆட்டங்களில் வித்தியாசம் 6 புள்ளியோ அதற்கும் குறைவோதான். டென்னசியிடமும் கிரீன் பேயிடமும் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அதிலும் கிரீன் பேக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 21-7 என முன்னிலை, அப்புறம் கோட்டைவிட்டார்கள்!

கடைசி ஆட்டம் பிட்ஸ்பர்க்கில், 28-24. நான்காவது டவுனில் (பந்தை முன்னே நகர்த்தக் கிடைக்கும் கடைசி முயற்சி) பிரவுன்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவரான கைசர் எறிந்த பந்து சக வீரர் கோரி கோல்மன் கைக்கே வந்தது, நழுவவிட்டார். சரி, ஆட்டம் போச்சு. கைசர் அந்த சீசனில் 22 முறை எதிரணியிடம் பந்தை எறிந்து கொடுத்திருக்கிறார். அணியைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பேன்.