கரண்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை: நான் ஏன் வாக்கை மாற்றிப் போட்டேன்

2016 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நான் போட்ட முதல் வாக்கு. கரண்ட் கம்பெனியை மக்களே தேர்ந்தெடுக்கலாமா என்று வாக்குச்சீட்டில் கேட்ட கேள்வி எண் 3-க்கு 'ஆம்' என்று அழுத்தினேன். இரண்டு வருடம் கழித்து, 2018 நவம்பரில், அதே கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்திவிட்டு வந்தேன். நான் மட்டுமில்லை. 2016-ல் 72 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், 2018-ல் 67 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். ஒரு மாநிலமே இரண்டு வருடத்தில் மனம் மாறியது.

போன வாரம் எங்கள் வாட்சப் குழுவில் ஒரு நண்பர் கோடைக்கால கரண்ட் பில்லைப் படம் எடுத்துப் போட்டு, "அன்றைக்கு எல்லாரும் ஆம் என்று போட்டிருந்தால் இந்த ஒரே கம்பெனியிடம் இப்படி மாட்டிக்கொண்டிருப்போமா?" என்று கேட்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. நெவாடாவில் பெரும்பாலான வீடுகளுக்கு என்வி எனர்ஜி என்ற ஒரே நிறுவனம்தான் கரண்ட் தருகிறது. கம்பி, மீட்டர், பில் எல்லாம் அவர்களுடையது, மின்நிலையங்களும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். விலைக்கு மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். 2013-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே குழுமம் சுமார் 560 கோடி டாலருக்கு இந்த நிறுவனத்தை வாங்கியது. இந்த ஏகபோகத்தை ஒழிக்க வேண்டும், 2023 ஜூலை 1-க்குள் மக்கள் விரும்பியவரிடம் மின்சாரம் வாங்கும் திறந்த சந்தையைச் சட்டமன்றம் அமைத்தே தீர வேண்டும் என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைக்கச் சொன்னதுதான் கேள்வி எண் 3. மக்கள் மனு வழியாக இங்கே சாசனத்தைத் திருத்த வேண்டுமென்றால் அடுத்தடுத்து இரண்டு பொதுத்தேர்தல்களில் ஜெயிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

2016-ல் நான் ஏன் ஆம் என்றேன்? கோபம். 2015-ல் கூரையில் சோலார் போட்டோம், கடன் வாங்கி. அந்த டிசம்பரிலேயே, சோலார் வைத்திருக்கிற வீடுகள் திருப்பித் தரும் கரண்டுக்கான தொகையைக் குறைத்து, மாதாந்திர நிலைக்கட்டணத்தைப் படிப்படியாக ஏற்ற ஆணையம் முடிவெடுத்தது. தெற்கு நெவாடாவில் 12.75 டாலராக இருந்தது கடைசியில் 38.51 டாலர் வரை போகும் என்றார்கள். சோலார்சிட்டி போன்ற நிறுவனங்கள் கடையைக் கட்டின, நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போனது. புதிதாகப் போடுகிறவர்களுக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, ஏற்கெனவே போட்டவர்களையும் சேர்த்தே மாற்றினார்கள். (பழைய வீடுகளுக்கு 2016 செப்டம்பரில் பழைய கணக்கே திரும்பக் கிடைத்தது. 2017-ல் சட்டமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்து மிச்சத்தையும் ஓரளவு சரிசெய்தது. ஆனால் அந்தக் கசப்பு போகவில்லை.) அந்த மனநிலையில் ஒருவர் வந்து "இந்த ஏகபோகத்தை உடைக்கலாமா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

இத்தனைக்கும் நான் திறந்த சந்தையில் ஐந்து வருடம் வாழ்ந்தவன். 2009-லிருந்து 2014 வரை டெக்சாஸில் இர்விங்கில் இருந்தோம். அங்கே 2002-லேயே சந்தையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் 2016-ல் வாக்குப் போடும்போது எனக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு எண்தான்: 9 சென்ட். யூனிட் 9 சென்ட்டுக்கு வாங்கினோமே என்ற நினைப்பு.

2018 வசந்தத்தில் வருமானவரிக்காகப் பழைய ஃபைல்களைக் கிளறியபோது இர்விங் வீட்டு பில்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கட்டின் மேலே பிளானின் விவரத்தாள். டெக்சாஸில் எல்லாக் கம்பெனியும் இந்தத் தாளைத் தர வேண்டும். மாதம் 500, 1000, 2000 யூனிட் ஓடினால் யூனிட்டுக்குச் சராசரியாக என்ன விலை விழும் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். எங்கள் தாளில் நடுக் கட்டத்தில் 9 சென்ட் சொச்சம். 500 கட்டத்தில் 13 சென்ட்டுக்கு மேல். காரணம் கீழே சின்ன எழுத்தில்: மாதம் 1000 யூனிட்டுக்குக் கீழே போனால் தனியாக ஒரு கட்டணம். நானும் மனைவியும் மட்டும் இருந்த இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில், ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர, எந்த மாதம் 1000 ஓடியது? விலை ஒப்பிடுகிற இணையதளத்தில் 1000 யூனிட்டை வைத்துத்தான் பிளான்களை வரிசைப்படுத்துவார்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் மலிவாகத் தெரியும்படி பிளானைத் தைத்திருக்கிறார்கள். 9 சென்ட்டுக்கு வாங்கினேன் என்று ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்த நான், வருடத்தில் எட்டு மாதம் 12, 13 சென்ட் கட்டியிருக்கிறேன்.

அடுத்த பில் இன்னும் மோசம். தங்கையின் கல்யாணத்துக்காக ஆறு வாரம் திருச்சிக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில் ஒரு வருட கான்ட்ராக்ட் முடிந்திருக்கிறது. முடியப்போகிறது என்ற கடிதம் தபால்பெட்டியில் விளம்பரத் தாள்களுக்கு நடுவில் கிடந்தது. கான்ட்ராக்ட் முடிந்தால் கரண்டை நிறுத்த மாட்டார்கள், மாதத்துக்கு மாதம் மாறுகிற விலைக்குத் தள்ளிவிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தபோது யூனிட் 17 சென்ட். யாரும் சட்டத்தை மீறவில்லை. கடிதம் அனுப்பினார்கள், நான்தான் வீட்டில் இல்லை.

திருச்சியில் அப்பா ஈபி கார்டை அலமாரியில் வைத்துவிட்டு, பில் வந்ததும் கட்டிவிட்டு, அதைப் பற்றி நினைக்காமலே நாற்பது வருடம் இருந்தார். நானோ, படித்தவன், எண்களோடு வேலை செய்கிறவன், அப்படியும் ஏமாந்தேன். அப்படியென்றால் இரண்டு வேலை பார்க்கிற, ஆங்கிலம் சரியாக வராத, வாசலில் வந்து நிற்கிற விற்பனைக்காரர் சொல்வதை நம்புகிற ஒருவர் என்ன செய்வார்? இது யூகம் இல்லை. அதே 2018-ல் மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு அறிக்கை வெளியிட்டார். தனியார் சப்ளையர்களுக்கு மாறிய வீட்டு வாடிக்கையாளர்கள், மாறாமலே இருந்திருந்தால் கட்டியிருக்கக்கூடியதைவிட, 2015 ஜூலையிலிருந்து இரண்டு வருடத்தில் 17 கோடியே 68 லட்சம் டாலர் அதிகமாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஏழைக் குடும்பங்களுக்கு அடி இன்னும் அதிகம்.

இன்னொன்று, எத்தனை கம்பெனி வந்தாலும் கம்பி ஒன்றுதான். டெக்சாஸில் நான் யாரிடம் வாங்கினாலும் அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே மீட்டர், புயலில் கம்பி அறுந்தால் அதே வண்டி. மாறுவது பில்லில் இருக்கிற பெயரும், விலையைக் கணக்குப் போடுகிற விதமும்தான்.

சரி, பெரிய நிறுவனங்கள் ஏன் இதற்கு இவ்வளவு பணம் போட்டன? 2001-ல் இங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி பெரிய வாடிக்கையாளர்கள் என்வி எனர்ஜியை விட்டு வெளியேறிச் சந்தையில் நேராகக் கரண்ட் வாங்கலாம். ஆனால் வெளியேறும் கட்டணம் உண்டு. காசினோ நிறுவனமான எம்ஜிஎம் 2016-ல் 8 கோடியே 69 லட்சம் டாலர் கட்டிவிட்டுத்தான் போனது. இன்னொரு காசினோ நிறுவனமான வின் ரிசார்ட்ஸும் கட்டியது. ஸ்விட்ச் என்ற டேட்டா சென்டர் நிறுவனம் வெளியேறக் கேட்டபோது 2015-ல் ஆணையம் முதலில் மறுத்தது. அந்த ஸ்விட்சும், லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் என்ற காசினோ நிறுவனமும்தான் பிறகு 'ஆம்' பிரசாரத்தின் பெரிய பண மூட்டைகள்.

அந்தக் கட்டணம் அநியாயம் என்று முதலில் நானும் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. பத்துப் பேருக்குச் சமைக்கச் சொல்லி மளிகை வாங்கிய பிறகு நான்கு பேர் எழுந்து போனால், மளிகைக் கடனை மிச்சம் ஆறு பேர் சுமக்க வேண்டும். காசினோக்களுக்காகவும் சேர்த்துத்தானே மின்நிலையம் கட்டினார்கள், நீண்டகால ஒப்பந்தம் போட்டார்கள்? உங்கள் பங்கைக் கட்டிவிட்டுப் போங்கள் என்றது ஆணையம். இப்போது கேள்வி எண் 3 வந்தால் எல்லாருமே ஒரே நாளில் எழுந்து போகிறோம். மின்நிலையங்களை விற்க வேண்டும், ஒப்பந்தங்களைக் கைமாற்ற வேண்டும். அதில் வரும் நஷ்டத்தை யார் கட்டுவது? எம்ஜிஎம்மிடம் தனியாகக் கேட்டதை, ஒவ்வொரு வீட்டு பில்லிலும் ஒரு வரியாகப் போட்டு நம்மிடம் கேட்பார்கள். ஆணையம் 2018-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையும், தொடக்க ஆண்டுகளிலாவது வீட்டு பில் ஏறவே வாய்ப்பு அதிகம் என்றுதான் சொன்னது.

2018-ல் டிவியைத் திறந்தால் இதே விளம்பரம். 'இல்லை' பக்கத்தில் 6 கோடி டாலருக்கு மேல், பெரும்பாலும் என்வி எனர்ஜி பணம். 'ஆம்' பக்கத்தில் 3 கோடிக்கு மேல். 2016-ல் நடுநிலை என்று ஒதுங்கி நின்ற நிறுவனம் இரண்டாவது சுற்றில் பெட்டியைத் திறந்துவிட்டது. பணம்தான் மக்கள் மனதை மாற்றியது என்று நண்பர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. என் மனதை மாற்றியது இர்விங் பில் கட்டு.

அதோடு 'சாசனம்' என்ற சொல்லும். சட்டம் தப்பாகப் போனால் அடுத்த கூட்டத்தொடரில் மாற்றலாம். 1990-களின் கடைசியில் நெவாடா இதே வழியில் கிளம்பியது. பக்கத்துக் கலிஃபோர்னியாவில் சந்தை 1998-ல் திறந்தது, 2000, 2001-ல் என்ரான் போன்ற மின்சார வியாபாரிகள் விலையோடு விளையாடினார்கள், ஊர் ஊராக மின்வெட்டு நடந்தது, அங்கே வீடுகளுக்குக் கரண்ட் தரும் பெரிய நிறுவனமான பிஜி அண்ட் இ திவால் மனு கொடுத்தது. அதைப் பார்த்த நெவாடா சட்டமன்றம் 2001 ஏப்ரலில் ஒரே சட்டத்தில் நிறுத்திக்கொண்டது. சாசனத்தில் எழுதியிருந்தால்? அதை எடுக்க மறுபடி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் 2021 பிப்ரவரி. அண்ணன் குடும்பம் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறது. பனிப்புயலில் கரண்ட் போய் இரண்டாவது நாள் அண்ணி காரிலிருந்து பேசினார். குழந்தைகளைப் பின்சீட்டில் ரஜாயில் சுற்றி உட்காரவைத்து, ஹீட்டரைப் போட்டு, அதிலேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். "வீட்டுக்குள்ள மூச்சு விட்டா புகையா வருதுப்பா" என்றார். நேர்மையாகச் சொல்ல வேண்டும், அந்த இருட்டுக்கு, வீடுகளுக்குக் கரண்ட் விற்பதில் கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டி காரணமில்லை. குளிருக்குத் தயார்ப்படுத்தாத எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்துபோனதுதான் காரணம். ஆனால் அந்த வாரம் மொத்த விலை, அதாவது கம்பெனிகள் மொத்தச் சந்தையில் வாங்குகிற விலை, யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சத்தில் நாள்கணக்கில் நின்றது. டாலர், சென்ட் இல்லை. கிரிடி என்ற நிறுவனம் மொத்த விலையையே வீடுகளுக்கு நேராகக் கடத்துகிற பிளானை விற்றிருந்தது, அதன் வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நல்ல காலங்களில் அந்தப் பிளான் உண்மையிலேயே மலிவு. வாங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை.

2024 ஜூலை 7 அன்று லாஸ் வேகாஸில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது, 48.9 செல்சியஸ். அந்த மாதிரி நாளில் ஏசி ஓடுவது உயிர் சம்பந்தப்பட்டது. அன்றைய விலை என்ன என்று பார்த்து ஏசியை அணைக்கிற நிலைமை ஒரு பாட்டிக்கும் வரக்கூடாது.

ஏகபோகம் நல்லது என்று நான் சொல்லவில்லை. 2015-ல் அதன் பலத்தை என் கூரையிலேயே பார்த்தவன். மின்நிலையம் கட்டுகிற இடத்தில் போட்டி வரட்டும். யார் மலிவாக சோலார் வயல் போடுகிறார்களோ அவர்களுக்கு டெண்டர் போகட்டும். ஆணையத்தின் விலை விசாரணையில் நுகர்வோர் தரப்பு வக்கீலுக்குப் பலம் கூடட்டும், விசாரணை நடக்கும்போது நம்மில் பத்துப் பேராவது போய் மூன்று நிமிடம் பேசட்டும். குழுவில் பில்லைப் படம் போட்ட நண்பரிடம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விசாரணைக்குச் சேர்ந்தே போகலாம், பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அண்ணன் வருடத்துக்கு ஒரு முறை புது பிளானின் விவரத்தாளை எனக்கு அனுப்பி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்பார். இந்த வருடத் தாள் நேற்று வந்தது. 1000 யூனிட் தாண்டினால் பில்லில் 100 டாலர் கழிவு, 999 ஓடினால் ஒன்றும் கிடையாது. அவருடைய பன்னிரண்டு மாத யூனிட்டையும் வாங்கி வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஐந்து மாதம் 1000-ஐத் தொடவில்லை. வேண்டாம், வேறு பார் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் நான்கு தாள் அனுப்பியிருக்கிறார்.