டோரி ஹோல்ட் வார்னரின் நிழலில் வளர்ந்தவரா?

அமெரிக்கக் கால்பந்தில் ராம்ஸ் அணிக்காகப் பந்து பிடிக்கும் ரிசீவராக ஆடிய டோரி ஹோல்டின் எண்கள் எல்லாம் அதே அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசும் வீரர்) குர்ட் வார்னர் பந்து வீசியதால் வந்தவை, அதனால் ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர அவருக்குத் தகுதி இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. 2003-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள்: வார்னர் முதல் ஆட்டத்துக்குப் பிறகு இடத்தை இழந்தார், மீதி சீசன் முழுக்க ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மார்க் பல்ஜர், ஆனால் ஹோல்ட் அந்த ஆண்டுதான் 117 பந்துகளைப் பிடித்து, அவற்றால் அணியை 1,696 யார்டு முன்னேற்றி, லீக்கிலேயே முதலிடம் பிடித்தார், அது அவருடைய வாழ்நாள் உச்சமும்கூட. 2004-ல் வார்னர் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கே போய்விட்டார். அப்புறமும் ஹோல்ட் அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் 1,372, 1,331 யார்டு என்று எடுத்தார். 2000 முதல் 2005 வரை தொடர்ந்து ஆறு சீசன்களில் 1,300 யார்டுக்கு மேல்! யாருடைய தயவில் வந்தது இது?

சரி, அவருடைய மொத்த டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) 74தான், அது குறைவு என்று வாதிட்டால் ஒப்புக்கொள்கிறேன், அது நியாயமான கேள்வி. ஆனால் அதே அணியில் ஆடிய வார்னர், மார்ஷல் ஃபாக், ஆர்லாண்டோ பேஸ், ஐசக் புரூஸ் எல்லாரையும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பெருமை சேர்த்த அதே தாக்குதல் ஆட்டத்தை ஹோல்டுக்கு மட்டும் குறையாகக் காட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.