தேய்ந்த விரலுக்கு அரிசி கிடையாதா?

நேற்றும் ரேகை விழவில்லை.

ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிற எல்லோரும் கடைக்கு வந்து விரலை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மறுபடியும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வலது கட்டைவிரல், விழவில்லை. இடது கட்டைவிரல், விழவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. கண்ணைப் படம் பிடிக்கிற கருவி ஒன்று கடைக்கு வந்திருக்கிறதே, அதை எடுங்கள் என்றேன். அதன் வயர் பழுதாகிவிட்டதாம். ‘நாளைக்கு வாருங்கள் ஆச்சி’ என்றார் விற்பனையாளர்.

நாளைக்கு வாருங்கள். இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. 2020 அக்டோபரில் கேட்ட அதே வார்த்தை. அதே வாசல், அதே படி, அதே அம்மா. நடுவில் கொரோனா என்கிற கொள்ளைநோயே ஓய்ந்து போயிருக்கிறது. அதிலிருந்து இவர்கள் ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

என் அம்மா பீடி சுற்றியவள். திருநெல்வேலிப் பக்கம், முக்கூடலுக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் போதும், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். பதினோரு வயதில் சுளகை மடியில் வைத்தவள், ஐம்பது வருடத்துக்கும் மேலாக அதை இறக்கவே இல்லை. இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பி, சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பீடிக்கும் இதே விரல்கள். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு பீடி. அந்தக் கூலியில்தான் நாங்கள் படித்தோம், என் தம்பி திருப்பூருக்கு பஸ் ஏறினான், அப்பாவின் கடைசிக் காலத்து மருந்துச் செலவு நடந்தது. அந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? அவள் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தால் கூழாங்கல்லைத் தடவுகிற மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்களின் கை இப்படித்தான். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு போய்ப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் விரல்ரேகையை நம்பி அரிசி கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் ஒரே ஒரு பீடிக்காரியின் கையையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? விரலை வைத்து எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாம் என்கிற ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் முதலில் சோதனை நடத்தத் தேர்ந்தெடுத்ததே திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும்தான். சோதனையில் இந்தக் கைகள் அவர்கள் கண்ணில் படவே இல்லையா?

சரி, அந்த அக்டோபரைச் சொல்கிறேன். சொல்லித் தீர்க்காமல் இன்று தூக்கம் வராது.

அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால் ஏப்ரலில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் கோபம் புரியும். மார்ச் 25 முதல் ஊரடங்கு. இலை வரவில்லை, தூள் வரவில்லை, பீடிக்கடை பூட்டிக் கிடந்தது. வாரக் கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பு எரிவதே பாடாக இருந்தது. அப்போது அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் கொடுத்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் விலையில்லாமல் கொடுத்தது. எங்கள் தெருவுக்கு ரேஷன் கடைக்காரரே டோக்கன் எடுத்துக்கொண்டு வந்தார். திண்ணையில் நின்று அட்டையைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், பணத்தைக் கொடுத்தார், போய்விட்டார். அம்மா கண் கலங்கிவிட்டாள். நானும் அன்று அரசை மனதார வாழ்த்தினேன். இன்றும் அந்த வாழ்த்தைத் திரும்பப் பெறவில்லை. வீடு தேடி வரத் தெரியும், ஆளைப் பார்த்து அடையாளம் காணத் தெரியும், வரிசையில் நிறுத்தாமல் கொடுக்கத் தெரியும் என்று அவர்களே காட்டினார்கள். தெரியாது என்றால் மன்னிக்கலாம். தெரிந்தும் செய்யாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்டோபர் 1 முதல் விரலை வைத்தால்தான் பொருள் என்றார்கள். நோய் ஓய்ந்துவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததா? இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, கண்ட இடத்தில் கையை வைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வயதானவர்கள் வெளியே வராதீர்கள் என்று காலையும் மாலையும் அலறிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில்தான் ஊரே ஒரு சின்னக் கண்ணாடியில் வரிசையாக விரலை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதுவும் வீட்டைவிட்டு வராதே என்று சொல்லப்பட்ட கிழவிகளே நேரில் வந்து வைக்க வேண்டும்.

காலை ஏழரைக்கே போய்விட்டோம். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டம் இருபது, ஆட்கள் எண்பது. முதல் இருபது பேருக்குப் பின்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஒன்பதரைக்குக் கடை திறந்தது. பத்து மணி வரை இயந்திரம் வேலை செய்யவில்லை. சர்வர் இல்லை என்றார்கள். விற்பனையாளர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார், வேப்பமரத்தடிக்குப் போனார், அங்கிருந்து கிணற்றுப் பக்கம் போனார். எங்கே சிக்னல் கிடைக்கிறதோ அங்கே வரிசையும் நகர்ந்தது. வட்டமாவது ஒன்றாவது. மதினி ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு கிணற்றடிக்கு ஓடியதை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்று நாற்பது. அம்மா நான்கு மணி நேரமாக நிற்கிறாள். உட்கார ஒரு முக்காலி கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. வலது கட்டைவிரலை வைத்தாள். விழவில்லை. விற்பனையாளர் ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் துணியின் நிறத்தை நான் சொல்ல மாட்டேன், காலையிலிருந்து ஊர்க் கை முழுவதும் பட்ட துணி அது. மறுபடியும் வைத்தாள். விழவில்லை. ‘அழுத்தி வையுங்கள் ஆச்சி.’ அழுத்தினாள். ‘இவ்வளவு அழுத்தக் கூடாது ஆச்சி.’ தளர்த்தினாள். ‘விரலைத் துடையுங்கள்.’ முந்தானையில் துடைத்தாள். ‘ஈரம் போதவில்லை, கொஞ்சம் ஈரம் வேண்டும்.’ குழாயடிக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்தாள். ‘இப்போது ஈரம் அதிகம்.’ பின்னால் நின்ற ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவினால் விழும் என்றார். இன்னொருவர் நெற்றியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் செய்தாள். பத்து விரலையும் வைத்தாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை வைத்தாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். முப்பது தடவை. முப்பது தடவையும் இயந்திரம் ‘பொருந்தவில்லை’ என்றது.

அவள் பிறந்ததிலிருந்து அந்த ஊரைவிட்டு வெளியே குடியிருந்ததில்லை. கடையில் எடை போடுகிற பையனின் தொட்டிலை ஆட்டியவள். வரிசையில் நின்ற எண்பது பேருக்கும் அவள் யார், யார் மகள், எந்த வீடு என்று தெரியும். அந்த விற்பனையாளரே ஏப்ரலில் எங்கள் திண்ணையில் நின்று அவள் கையில் பணம் கொடுத்தவர். ஆனால் அன்றைக்கு எங்கேயோ இருக்கிற ஒரு சர்வர், இவள் இவள் இல்லை என்று சொல்லிவிட்டது. எண்பது சாட்சிகளின் பேச்சு அதற்கு முன்னால் எடுபடவில்லை.

‘அட்டையில் வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.’ அப்பா இல்லை. எனக்குத் தனி அட்டை. மீதி இருப்பது தம்பி, அவன் திருப்பூரில் இருக்கிறான். ‘அப்படியானால் அட்டையோடு இணைத்த போன் எண்ணுக்குக் கடவுச்சொல் வரும், அதைச் சொல்லுங்கள்.’ அந்த எண்ணும் தம்பியுடையதுதான். நூறு மைலுக்கு அப்பால் தறியின் இரைச்சலுக்குள் நிற்கிறவனை நான் ஏழு தடவை கூப்பிட்டேன். எட்டாவது தடவை எடுத்துக் கடவுச்சொல்லைச் சொன்னான். அதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் அனுப்பச் சொன்னேன். சர்வர் போய்விட்டது. ‘நாளைக்கு வாருங்கள்.’

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி நடக்கும்போது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் நின்று, ‘நான் என்ன தப்புச் செய்தேன்?’ என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

விற்பனையாளரைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதரும் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நூறு பேர் மூச்சுக்கு நடுவே நின்றார். அவருக்கு யார் என்ன பாதுகாப்புக் கொடுத்தார்கள்? ஆனாலும் எனக்கு அவர் மேல் கோபம் இருக்கிறது. நடக்க முடியாத முதியவர்களுக்குப் பதிலாக வேறு ஒருவர் வந்து வாங்கிக்கொள்ள ஒரு படிவம் உண்டு. எழுதிக் கொடுத்தால் போதும். அதை எங்களுக்கு அவர் சொல்லவில்லை. கடைச் சுவரில் எழுதி ஒட்டவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ அதைச் சொல்லவில்லை. கை கழுவச் சொல்ல நாள் முழுவதும் தொண்டை கிழிந்தது, இதைச் சொல்ல அரை நிமிடம் கிடைக்கவில்லையா? எத்தனையோ நாள் கழித்துப் பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சலுகை இருப்பது தாளில். அதைத் தெரிந்துகொள்ள ஆள் பழக்கம் வேண்டும். பழக்கம் இல்லாதவன் நான்கு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

இரண்டாம் நாளும் போனோம், விழவில்லை. மூன்றாம் நாள் இயந்திரமே வேலை செய்யவில்லை. மாதக் கடைசியில், ரேகை விழாதவர்களுக்குப் பழையபடி அட்டையைப் பார்த்தே கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று ஆள் வந்து கூப்பிட்டார்கள். போய் அரிசி வாங்கினோம். அட்டையைப் பார்த்தே கொடுக்க முடியும் என்றால் முதல் நாளே கொடுத்திருக்கலாமே! நோய்க்காலம் முடியும் வரைக்குமாவது அந்தக் கண்ணாடியை மூடி வைத்திருக்கலாமே! அதுவரை பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய ஆறு படி அரிசியை அளந்து திருப்பிக் கொடுத்தபோது அம்மாவுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எந்தச் சர்வரில் பதிவாகும்?

இன்னொன்று. முதல் நாளே விற்பனையாளர், ‘ஆதாரில் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லியிருந்தார். அதையும் நம்பினோம். அந்த நோய்க்காலத்தில், அறுபத்தாறு வயது அம்மாவை பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மையத்தில் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு இன்னொரு கண்ணாடியில் பத்து விரலையும் வைக்கச் சொன்னார்கள். இல்லாத ரேகையைப் புதுப்பிப்பது எப்படி? அங்கே இருந்த பெண் இரக்கப்பட்டாள். ‘வேலை செய்து தேய்ந்த கைக்கு இப்படித்தான் அம்மா, கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவிட்டு வந்தால் ரேகை வளரும்’ என்றாள். வேலையை நிறுத்தச் சொல்கிறாள்! ஊரடங்கு தளர்ந்து அப்போதுதான் இலை வர ஆரம்பித்திருந்தது. வேலையை நிறுத்தினால் ரேகை வரும், அதுவரை சோறு எங்கிருந்து வரும்?

திரும்பி வரும்போது நடந்ததை நினைத்தால் அரிசிக் கோபம்கூட மறந்து போகிறது. சந்திப்புப் பேருந்து நிலையத்தை ‘ஸ்மார்ட் சிட்டி’க்காக 2018 இலேயே மூடி, இடித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் ஆகியும் தகர வேலிக்குள் குழிதான் இருந்தது. பஸ்ஸுக்குச் சாலை ஓரத்தில் நின்றோம். நிழல் இல்லை, திண்டு இல்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று காதோடு சொன்னாள். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள். இருக்கிற கழிப்பறையையும் இடித்துவிட்டார்கள். நான் அந்தச் சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். கடைசியில் ஓர் ஓட்டலில் நுழைந்து இரண்டு காபிக்குப் பணம் கட்டிவிட்டு, பின்னால் இருக்கிற கழிப்பறைச் சாவியைக் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார். ஆகவே இரண்டு தோசையும் சொன்னேன்.