ஒரே இரவில் வந்த புகழ் அல்ல

ஐஸ்லாந்தின் ‘ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்’ இசைக்குழுவை அமெரிக்க நிறுவனம் ஒன்று ஆள் பிடித்து உருவாக்கியது, ஒரே இரவில் புகழ் வந்தது என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பாடகி நன்னா, ஐஸ்லாந்தின் கார்துர் என்ற மீனவ ஊர்க்காரர். ‘சாங்பேர்ட்’ என்ற பெயரில் தனியாகப் பாடிவந்தவர், துணைக்கு ஆள் சேர்த்ததில் பிறந்ததுதான் இந்தக் குழு. 2010இல் அந்நாட்டின் புதுக் குழுக்களுக்கான ‘மூசிக்தில்ரெய்னிர்’ போட்டியில் வென்றார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து கே.இ.எக்ஸ்.பி. வானொலி அவர்களை ஒரு வீட்டு வரவேற்பறையில் பதிவு செய்தது. கிட்டாரும் அக்கார்டியனுமாக நெருக்கியடித்துப் பாடும் அந்தக் காணொளியை அவசியம் பாருங்கள். அவர்களின் ‘லிட்டில் டாக்ஸ்’ (Little Talks) பாட்டு அப்போதே உயிரோடு இருக்கிறது!

முதல் ஆல்பம் 2011இல் ஐஸ்லாந்தில் வெளியானது. யுனிவர்சல் என்ற பெரிய இசை நிறுவனம் அதை உலகெங்கும் கொண்டுபோனது 2012இல். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 6ஆம் இடம். பெரிய நிறுவனம் வந்து சேர்ந்தபோது பாட்டும் பெயரும் ஏற்கெனவே அவர்களுடையவை.