எழுத்தைக் காட்டும் நிரலுக்குப் பிராசசரின் ஜாதகம் எதற்கு?

ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், அதில் எழுத வேண்டும், எழுதியதைச் சேமிக்க வேண்டும். இதற்கு மேல் அந்த உரைத்தொகுப்பியிடம் நான் எதையும் கேட்டதில்லை. பல ஆண்டுகளாக விரல்களுக்குப் பழகிப்போன, எப்போதோ பராமரிப்பு நின்றுபோன சிறிய நிரல் அது. பழைய கணினி ஓய்வுபெற்று, 64 பிட் ஆர்ம் பிராசசர் கொண்ட புதிய கணினி வந்ததும், கட்டுப் பிரிக்காமல் வைத்திருந்த மூலநிரலை எடுத்து விரித்து, கணினியைச் சோதித்து நிரலை அதற்கேற்பக் கட்டத் தயார்செய்யும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை வழக்கம்போல் ஓட்டினேன். இரண்டு மாலைகள் அதோடு போயின. அந்த இரண்டு மாலைகளின் எரிச்சலை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் ஓட்டத்திலேயே "இது எந்த வகைக் கணினி என்று ஊகிக்க முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள்" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றது. அந்தச் செய்திக்குச் சற்று மேலே, கணினியின் வகையைச் சொல்லும் யுநேம் கட்டளை தந்த விடையை அதே ஸ்கிரிப்ட் தன் கையாலேயே அச்சிட்டிருந்தது: ஏஆர்ச்64 (64 பிட் ஆர்முக்கான பெயர்). அதாவது, விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டே "எனக்கு விடை தெரியாது" என்று கை விரிக்கிறது. சரி, பெரிய மனது பண்ணி நானே சொல்லிவிடுகிறேன் என்று, பில்ட் என்னும் விருப்பத் தெரிவில் 'ஏஆர்ச்64-அன்னோன்-லினக்ஸ்-க்னு' என்று முழுப் பெயரையும் கொடுத்தேன். உடனே இரண்டாவது பிழை: அப்படியொரு இயந்திரத்தைத் தனக்குத் தெரியாதாம். நீயேதான் சொல்லச் சொன்னாய், சொன்னால் தெரியாது என்கிறாய். உன்னோடு நான் என்ன பேசுவது?

இந்த இரண்டு செய்திகளுக்கும் பின்னால் இருப்பவை கன்ஃபிக்.கெஸ், கன்ஃபிக்.சப் என்ற இரண்டு கோப்புகள். முன்னது கணினியின் பெயரை ஊகிக்கும். பின்னது, கொடுத்த பெயர் செல்லுமா என்று தன்னிடம் உள்ள பட்டியலில் பார்த்துச் சொல்லும். இவற்றின் பிரதி ஒன்றை இத்தகைய ஸ்கிரிப்டோடு வரும் ஒவ்வொரு மூலநிரல் பொதியும் தன்னுடனேயே சுமந்து வருகிறது. பொதி எந்த ஆண்டில் கட்டப்பட்டதோ அந்த ஆண்டிலேயே அதன் உலக அறிவும் உறைந்துவிடுகிறது. என்னிடமிருந்த பிரதியின் தலைப்பில் இருந்த நேரமுத்திரை 2009. ஆர்ம் நிறுவனம் தன் 64 பிட் வடிவமைப்பை அறிவித்தது 2011 அக்டோபரில். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் அதற்கான ஆதரவு வந்தது 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில். ஆகவே 2009-இல் எழுதிய கோப்புக்கு அது தெரியாததில் குற்றமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தபோதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. பிடிபி-11 இருக்கிறது. வாக்ஸ் இருக்கிறது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் இயந்திரத்துக்கெல்லாம் அனுமதி உண்டு; என் மேசையில் மின்விசிறியைச் சுழற்றிக்கொண்டு உயிரோடு நிற்கும் கணினிக்கு இல்லை.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது: எழுத்துகளைத் திரையில் காட்டும் ஒரு நிரலுக்குப் பிராசசரின் பெயர் எதற்கு? மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதுகிறவருக்கு அது வேண்டும், கெர்னல் எழுதுகிறவருக்கு வேண்டும். உரைத்தொகுப்பிக்கு? ஸ்கிரிப்ட் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் அந்தப் பெயர் மூலநிரலில் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடிப் பார்த்தேன். ஒரே ஓர் இடம். அதுவும் இன்று எவரும் ஓட்டாத ஒரு பழைய இயங்குதளத்துக்கு நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரிடம் கூடுதலாக ஒரு சொல் சொல்வதற்காக. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாசலில் இத்தனை காவல். 1991-இல் டேவிட் மெக்கன்சி, இத்தகைய கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை உருவாக்கித் தரும் ஆட்டோகன்ஃபைத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கருவியின் கொள்கையே, கணினியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் தேவையான வசதி அதில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான். அதன் கையேடும் அதையேதான் வலியுறுத்துகிறது. கொள்கையைக் கையேட்டில் விட்டுவிட்டு, முதல் வரியிலேயே பெயரைக் கேட்டு வழிமறிக்கும் வழக்கம் எல்லோருக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது எனக்கு விளங்கவில்லை.

பெயராவது ஒன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. லினக்ஸில் யுநேம் கட்டளை ஏஆர்ச்64 என்கிறது. கெர்னல் மூலநிரலுக்குள் அதே கட்டமைப்புக்கான அடைவின் பெயர் ஆர்ம்64. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீடு தன் தொகுப்புகளை ஆர்ம்64 என்றே அழைத்துவிட்டு, நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளை மட்டும் ஏஆர்ச்64 என்று தொடங்கும் அடைவில் வைக்கிறது. மறுபக்கம், இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் 64 பிட் கட்டமைப்பைக் குறிக்கும் எக்ஸ்86_64, ஏஎம்டி64, எக்ஸ்64 மூன்றும் ஒன்றுதான். இதற்கு மேல் பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்ற மூன்று விருப்பத் தெரிவுகள். ஹோஸ்ட் என்றால் கம்பைல் நடக்கும் கணினி என்றுதான் புதியவர் எவரும் நினைப்பார். இல்லை, கட்டி முடித்த நிரல் ஓடப்போகும் கணினிதான் ஹோஸ்ட். நிரல் ஓடப்போகும் இடத்தைத்தான் டார்கெட் என்கிறார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. அது கம்பைலர் போன்ற கருவிகளைக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் உரியது.

நியாயமாகப் பேசினால், உரைத்தொகுப்பி கட்டமைப்பைப் பார்த்துப் பயந்ததற்குக் காரணம் இருந்த காலமும் உண்டு. ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி, லிஸ்ப் மொழியில் எழுதிய தன் நிரல்களை ஏற்றிக்கொண்ட பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் தன் நினைவகத்தையே அப்படியே ஓர் இயங்கு கோப்பாகக் கொட்டிவைக்கும் வேலையைச் செய்துவந்தது. அதற்கு ஒவ்வொரு பிராசசரையும், ஒவ்வொரு இயங்குதளத்தின் கோப்பு வடிவத்தையும் தெரிந்தே ஆக வேண்டும். இயந்திரத்துக்கு ஒன்று, இயங்குதளத்துக்கு ஒன்று என்று தலைப்புக் கோப்புகளைத் தனித்தனி அடைவுகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். 2020-இல் வந்த 27.1 பதிப்பில்தான் எங்கும் செல்லுபடியாகும் மாற்று முறைக்கு வந்து சேர்ந்தார்கள். விம் என்னும் இன்னொரு உரைத்தொகுப்பியை வேறொரு கட்டமைப்புக்காக இங்கிருந்தே கம்பைல் செய்தால், ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனைகளை ஓட்ட முடியாமல் அதன் ஸ்கிரிப்டும் நிற்கும். ஆனால் எந்த மாறிக்கு விடை வேண்டும் என்று அந்த மாறியின் பெயரையே சொல்லி நிற்கும். அந்த மரியாதை எனக்குப் போதும். என்னுடையது ஈமேக்ஸும் இல்லை, விம்மும் இல்லை. நினைவகத்தைக் கொட்டவும் இல்லை, மரியாதையும் இல்லை.

இரண்டு கோப்புகளையும் தூக்கி எறிந்துவிட்டு, என் லினக்ஸிலேயே இருந்த புதிய பிரதிகளை அவற்றின் இடத்தில் வைத்தேன். டெபியனில் தொகுப்புகளைக் கட்டும்போது இந்த மாற்றத்தைத் தானாகவே செய்வதற்கென்று ஒரு கருவியே இருக்கிறது. நோய் எவ்வளவு பரவலானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இப்போது பெயர் தேறியது, கம்பைலர் கவிழ்ந்தது. கம்பைல் செய்யும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைலில் யாரோ எம்64 என்ற கொடியை, அதாவது கம்பைலருக்கான ஒரு விருப்பத் தெரிவை, அடித்து வைத்திருந்தார்கள்; ஆர்மில் ஓடும் ஜிசிசி கம்பைலருக்கு அப்படியொரு கொடியே கிடையாது. அதை நீக்கினால், திரைக்கான என்கர்சஸ் லைப்ரரி இல்லை என்கிறது. லைப்ரரி இருக்கிறது, ஸ்கிரிப்ட் தன் பட்டியலில் உள்ள மூன்று அடைவுகளில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறது. லிங்கரிடம் விட்டிருந்தால் அது நொடியில் கண்டுபிடித்திருக்கும்.

பிறகு அந்த "இல்லை"களின் ஊர்வலம் வந்தது. நினைவகத்தில் தரவை நகர்த்தும் மெம்மூவ் ஒழுங்காக வேலை செய்கிறதா? இல்லை. இந்த வசதி? இல்லை. அந்த வசதி? இல்லை. புதிய கட்டமைப்பில் இவ்வளவு குறைகளா என்று ஒரு கணம் நானே மயங்கிவிட்டேன். சோதனைகளின் பதிவான கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் பார்த்தால், ஆர்முக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சோதனை நிரல்களை எழுதியவர் மெயின் என்ற செயற்கூற்றுக்கு முன்னால் அதன் வகையான இன்ட் போடவில்லை, எக்ஸிட் என்ற செயற்கூற்றுக்கு உரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்கவில்லை. 2024-இல் வந்த ஜிசிசி 14 இவற்றைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. சோதனை கம்பைல் ஆகாமலேயே செத்துப்போகிறது. செத்துப்போனதைப் பார்த்த ஸ்கிரிப்ட், கணினியில் வசதி இல்லை என்று அமைதியாகக் குறித்துக்கொள்கிறது. வினாத்தாளில் இருக்கும் பிழைக்கு மாணவனுக்குச் சுழி போடும் இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? பழைய சி மொழி விதிகளின்படியே நடந்துகொள் என்று கம்பைலரிடம் ஒரு கொடியின் மூலம் சொன்ன பிறகுதான் ஊர்வலம் ஓய்ந்தது.

ஒருவழியாகக் கம்பைல் முடிந்தது. ஆசையோடு நான்கு வரிக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். திரை வெறுமையாகவே இருந்தது. நினைவகப் பயன்பாடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிழை தேடும் கருவியான டீபக்கரை இணைத்துப் பார்த்தால், கோப்பைப் படிக்கும் சுழற்சியிலேயே நிரல் சுற்றிக்கொண்டிருந்தது. படித்த பைட்டை, ஒரே பைட் அளவுள்ள 'கேர்' வகை மாறியில் போட்டு, அது கோப்பின் முடிவைக் குறிக்கும் −1 ஆக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லினக்ஸில் எக்ஸ்86 கட்டமைப்பில் 'கேர்' குறியுடையது, அதாவது எதிர்ம எண்ணையும் ஏற்கும், −1 அதில் தங்கும். ஆர்மில் குறியற்றது, −1 உள்ளே போனால் 255 ஆகிவிடும், 255 ஒருநாளும் −1 ஆகாது. பழைய கணினியிலும் இது பிழையேதான். அங்கே 255 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்ததாக நினைத்துக்கொள்ளும், யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள உரையில் அந்தப் பைட் வருவதே இல்லை என்பதால் எவர் கண்ணிலும் படவில்லை. கட்டமைப்பு என்ற ஒன்று இந்த நிரலை உண்மையில் தொடும் ஒரே இடம் இதுதான். 'கேர்' குறியற்றதா என்று பார்க்க ஆட்டோகன்ஃபில் தயார்நிலையில் ஒரு சோதனையும் இருக்கிறது. என் பிராசசரின் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்த அந்த ஸ்கிரிப்ட், அந்தச் சோதனையை மட்டும் ஓர் இடத்திலும் கேட்கவில்லை.

'கேர்' என்றிருந்ததை, அதைவிடப் பெரிய எண் வகையான 'இன்ட்' என்று மாற்றினேன். நான்கு வரியும் திரையில் வந்து நின்றன.