தனியாகச் செய்தால் ஐந்தாவது சுற்றிலேயே நின்றுவிடும்
மன உறுதி இருந்தால் தபாட்டா என்ற குறுகிய நேரத் தீவிர உடற்பயிற்சியை வீட்டில் தனியாகவே செய்துவிடலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது என் அனுபவத்துக்கு ஒத்துவரவில்லை. 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, 8 சுற்று, மொத்தமே 4 நிமிடம்தான், ஆனால் தனியாகச் செய்த காலத்தில் ஐந்தாவது சுற்றிலேயே கால் நின்றுவிடும். இப்போது ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊர்க் கடற்கரையில் விடியற்காலையில் பதினோரு பேர் சேர்ந்து செய்கிறோம், மணலில் கால் புதையப் புதைய ஓடி மூச்சு முட்டும்போது பக்கத்தில் அதே நிலையில் இருக்கும் அண்ணன் ஒருவர் "இன்னும் ஒண்ணுதான், விடாதே தம்பி" என்பார், அந்தக் கடைசிச் சுற்று எப்படி முடிந்தது என்றே தெரியாது. எங்கள் பக்கம் கரைவலை, அதாவது கடலில் விரித்துக் கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன்வலை, இழுப்பதும் இப்படித்தான், ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் வலை நகரும். அப்புறம், இரண்டு நாள் போகாவிட்டால் மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கே போன் வந்துவிடும், உடம்பு சரியில்லையா என்று.