சம்பளம் ஏறவில்லை, வாடகை மட்டும் ஏன் ஏறுகிறது?

அமெரிக்காவில் வரிச்சலுகைப் பணத்தில் கட்டிய குறைந்த வாடகை அபார்ட்மென்ட்களில் வருஷா வருஷம் நடக்கிற அநியாயம் இது. ஏப்ரல் வாக்கில், ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை வட்டாரவாரியாகப் புதிய வருமான வரம்புகளை வெளியிடும். அதற்குப் பிறகு லீஸ் புதுப்பிக்கும்போது பார்த்தால் வாடகை நூறு, நூற்றைம்பது டாலர் கூடியிருக்கும். போய்க் கேட்டால் லீசிங் ஆபீஸில் மனப்பாடமாக ஒரே பதில்: "ஏ.எம்.ஐ. ஏறிப்போச்சு, எங்க கையில எதுவும் இல்லை."

அப்பட்டமான பொய். ஏ.எம்.ஐ. என்பது அந்த வட்டாரக் குடும்பங்களின் வருமானத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் தொகை. அது ஏறினால் வாடகையின் உச்சவரம்பு ஏறுகிறது, அவ்வளவுதான். உச்சவரம்பைத் தொட்டே தீர வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் ஒரு வரி கூடக் கிடையாது. ஏற்றலாமா வேண்டாமா என்பது முழுக்க உரிமையாளரின் முடிவு. தான் எடுத்த முடிவைச் சட்டத்தின் தலையில் கட்டிவிட்டு, குடியிருப்பவரை வாயடைத்து அனுப்புகிறார்கள்.

வாடகை எப்படிப் போடப்படுகிறது என்றே பலருக்கு யாரும் சொல்வதில்லை. தங்கள் சம்பளத்தில் 30 சதவீதம்தான் வாடகை என்று நம்பிக் குடிவருகிறார்கள். அது அரசே நடத்தும் பப்ளிக் ஹவுசிங்கிலும் செக்‌ஷன் 8 வவுச்சரிலும் (தனியார் வீட்டு வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் உதவிச் சீட்டு) உள்ள கணக்கு. வரிச்சலுகைக் கட்டடத்தில் உங்கள் சம்பளத்தைப் பார்ப்பது உங்களை உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மட்டுமே. வாடகைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

எளிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு வட்டார ஏ.எம்.ஐ. 1,00,000 டாலர். மூன்று பேருக்கு அதில் 90 சதவீதம், அதாவது 90,000. இரண்டு பெட்ரூம் வீடென்றால், பெட்ரூமுக்கு ஒன்றரைப் பேர் வீதம் மூன்று பேர் இருப்பதாகச் சட்டமே வைத்துக்கொள்கிறது; நிஜத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. ஏ.எம்.ஐ.யில் 60 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்கென ஒதுக்கிய '60 சதவீத வீடு' என்றால் வரம்பு 54,000. அதில் 30 சதவீதம் 16,200, மாதத்துக்கு 1,350. மொத்த வாடகையின் உச்சம் இதுதான். கரண்ட், கேஸ் பில்லை நீங்களே கட்டுவதானால் அதற்கென யுட்டிலிட்டி அலவன்ஸைக் கழிக்க வேண்டும். அது 130 என்றால் உங்களிடம் 1,220 வரை வாங்கலாம்.

இரண்டு சம்பளம் இருந்தபோது அந்த வீட்டுக்கு வந்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை போய்விடுகிறது. மிச்சமிருப்பது ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவரின் 27,000 டாலர். வாடகை ஒரு சென்ட் குறையாது. வாடகையும் கரண்டும் சேர்ந்து அவர் சம்பளத்தில் 60 சதவீதத்தைத் தின்கின்றன. அடுத்த வருஷம் ஏ.எம்.ஐ. 8 சதவீதம் ஏறுகிறது. 1,350 என்பது 1,458 ஆகிறது. மாதம் 108 டாலர் கூடுதல். அவருக்கு 3 சதவீதம் சம்பள உயர்வு கிடைத்திருந்தாலும் வரிப் பிடித்தத்துக்கு முன்பே மாதம் 67.50தான் வரும். ஏ.எம்.ஐ. ஏன் ஏறியது? பெரிய சம்பளக்காரர்கள் ஊருக்குள் வந்து சேர்ந்தாலே போதும், அது ஏறும். யாருக்கோ வருமானம் கூடியதற்கு இவர் காசு கட்டுகிறார். இதில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, வட்டார வருமானம் குறைந்தால் வாடகையும் குறையுமா? குறைக்க வேண்டியதில்லை. ஒரு கட்டடம் ஒருமுறை எட்டிய வரம்பை, அடுத்த வருஷம் ஏ.எம்.ஐ. இறங்கினாலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி தந்திருக்கிறது. ஏறும்போது குடியிருப்பவர் தலையில், இறங்கும்போது உரிமையாளருக்குப் பாதுகாப்பு. 2024 முதல் ஹட் இந்த வரம்புகள் ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் கட்டுப்போட்டிருக்கிறது. வருஷத்துக்கு 10 சதவீதம் சம்பளம் ஏறும் துப்புரவுத் தொழிலாளி எந்த ஊரில் இருக்கிறார்?

உரிமையாளர் தரப்பில் உடனே சொல்வார்கள்: இன்ஷூரன்ஸ் ஏறிவிட்டது, ரிப்பேர் ஆள்கூலி ஏறிவிட்டது என்று. உண்மைதான். சிறிய லாபநோக்கற்ற அமைப்புகள் சில நிஜமாகவே மூச்சுத் திணறுகின்றன; அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் திட்டங்களுக்குக் கடன் வாங்கும்போது போடும் வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். வாடகை வருஷத்துக்கு 2 சதவீதம் ஏறும், செலவு 3 சதவீதம் ஏறும் என்று வைத்துப் போடுவதுதான் தொழிலில் பரவலான வழக்கம். 2 சதவீதத்தில் 15 வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று காகிதத்தில் காட்டிக் கையெழுத்துப் போட்டவர்கள், ஏ.எம்.ஐ. அனுமதிக்கிறது என்பதற்காக 8 சதவீதம் ஏற்றுவதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

அந்தக் கட்டடம் யார் பணத்தில் எழும்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் பிறந்த திட்டம் இது. மாநில வீட்டுவசதி நிதி முகமை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 9 சதவீதத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 2 கோடி டாலர். நிலத்தின் விலை போன்றவற்றைக் கழித்தபின் சலுகைக்குத் தகுதியான அடிப்படைச் செலவு 1.6 கோடி. அதில் 9 சதவீதம், 14.4 லட்சம் டாலர் வரிச்சலுகை வருஷந்தோறும், 10 வருஷத்துக்கு. ஆக 1.44 கோடி. டெவலப்பர் இதைத் தானே வைத்துக்கொள்வதில்லை. முதலீட்டாளருக்கு, பெரும்பாலும் வங்கிகளுக்கு, விற்றுவிடுகிறார். டாலருக்கு 85 சென்ட் விலை போனால் 1 கோடியே 22 லட்சத்து 40 ஆயிரம் டாலர் முன்பணமாகக் கைக்கு வருகிறது. செலவில் 61 சதவீதம் கடனே இல்லாத பணம். அரசாங்கம் வசூலிக்காமல் விட்ட வரி அது, மக்கள் பணம். இப்படி 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டியாகிவிட்டது. திட்டம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்; இது இல்லையென்றால் பல ஊர்களில் ஏழைகளுக்குப் புதிய வீடே எழும்பாது. அதனால்தான் இத்தனை கோபம்.

உள்ளே நுழைவதே ஒரு பெரும்பாடு. மேலே வருமான உச்சவரம்பு. கீழே, வாடகையைப்போல் இரண்டரை மடங்கு மாத வருமானம் வேண்டும் என்று மேனேஜ்மென்ட் கம்பெனிகள் தாங்களாக வைக்கும் விதி. நம் எடுத்துக்காட்டில் 1,220 வாடகைக்கு வருஷம் 36,600 வேண்டும். ஒரு தாயும் ஒரு குழந்தையும் என்றால் இரண்டு பேருக்கான உச்சம் 48,000. இந்த இடுக்கில் சம்பளம் விழுந்தால்தான் வீடு. வவுச்சர் வைத்திருப்பவரை வவுச்சருக்காக மறுக்கக் கூடாது என்று 42ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் முழு வாடகைக்கு இரண்டரை மடங்கு கேட்டு அவர்களையும் கழித்துக்கட்டும் இடங்கள் உண்டு.

வருமானத்தைக் கணக்கிடும் விதம் இன்னும் மோசம். மணிக்கு 22 டாலர், வாரம் 40 மணி நேரம், 52 வாரம்: 45,760. 48,000க்குள் வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், வருஷத் தொடக்கத்திலிருந்து வாங்கிய மொத்தத்தைப் பார்ப்பார்கள். ஜனவரியில் ஒரு நாள் கூடுதலாக நின்று ஓவர்டைம் பார்த்ததில் 31 நாளுக்கு 4,100 டாலர் வந்திருக்கிறது. அதை 31ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 48,274. எது பெரியதோ அதை எடுத்துக்கொண்டு, 274 டாலர் அதிகம், வீடு இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். ஓவர்டைம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான் என்றால், முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்: வழக்கமான மணி நேரம் எத்தனை, அடுத்த 12 மாதத்தில் ஓவர்டைம் எதிர்பார்க்கப்படுகிறதா இல்லையா என்று. கணக்கு அடுத்த 12 மாத எதிர்பார்ப்பைப் பற்றியதுதான். பழைய மாதத்தை நீட்டிப் பார்ப்பது அதற்கு ஒரு வழி மட்டுமே. இதை லீசிங் ஆபீஸில் யாரும் வாய்விட்டுச் சொல்லித் தருவதில்லை. அண்ணனோ அம்மாவோ மாதாமாதம் 200 டாலர் அனுப்பினால் அது வருஷம் 2,400 வருமானமாக ஏறும் என்பதையும் சொல்வதில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கண்டுபிடித்த பிறகு மறைத்துவிட்டீர்கள் என்பதுபோலப் பேசுவார்கள்.

இந்தத் தாள்களுக்கெல்லாம் 120 நாள்தான் ஆயுள். அவர்கள் பக்கத்துத் தாமதத்தில் 121ஆம் நாள் ஆனாலும் மறுபடி முதலிலிருந்து பே ஸ்டப், முதலாளி கையெழுத்து, எல்லாம். நாடு முழுவதற்கும் ஒரே காத்திருப்போர் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அந்தக் கட்டணம் விசாரணைக்கு உண்மையில் ஆகும் செலவைத் தாண்டக் கூடாது என்பது விதி. எத்தனை பேர் ரசீது கேட்டிருப்பார்கள்?

மாணவர் விதியை நினைத்தால் வயிறு எரிகிறது. வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் தகுதி இல்லை. ஒரு காலண்டர் வருஷத்தில் ஐந்து மாதங்களில், ஒவ்வொரு மாதத்திலும் ஒரு பகுதியாவது முழுநேரமாகப் படித்தாலே முழுநேர மாணவர். ஏழைக் குடும்பங்களுக்கான அரசு நலத்தொகை பெறுபவர், குழந்தையோடு இருக்கும் தனிப் பெற்றோர், கூட்டு வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தம்பதி என்று ஐந்து விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 40 வயதில் தனியாக வாழ்ந்துகொண்டு, முதியோர் இல்லத்தில் உதவியாளராக உழைக்கும் ஒரு பெண் முழுநேர நர்சிங் படிப்பில் சேர்ந்தால் அவருக்கு எந்த விலக்கும் இல்லாமல் போகலாம், வீடே கேள்விக்குறி. கல்லூரி விடுதியாக மாறிவிடக் கூடாது என்று வைத்த விதி, முன்னேற நினைப்பவரின் கழுத்தைப் பிடிக்கிறது.

குடிவந்தபின் சம்பளம் கூடினால் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து பதவி உயர்வை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். பயப்படவே வேண்டாம். வரம்பின் 140 சதவீதம் வரை எதுவும் மாறாது. 48,000 வரம்பு என்றால் 67,200 வரை. அதைத் தாண்டினாலும், அடுத்துக் காலியாகும் வீட்டைத் தகுதியுள்ளவருக்குக் கொடுக்க வேண்டிய கடமை உரிமையாளருடையது. உங்களை அனுப்ப அது காரணமாகாது. தக்க காரணம் இல்லாமல் வெளியேற்றவோ, லீஸைப் புதுப்பிக்க மறுக்கவோ முடியாது என்று மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2004இலேயே தீர்ப்புரை கொடுத்திருக்கிறது. இவ்வளவு முக்கியமான விஷயம் வரவேற்பு அறையில் ஒரு நோட்டீஸாகக் கூடத் தொங்குவதில்லை.

வாடகை ஏறிய தாள் வந்ததும் முதலில் மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் வீடு எத்தனை சதவீத வீடு, அதற்கு இந்த வருஷ மொத்த வாடகை உச்சம் எவ்வளவு, இப்போதைய யுட்டிலிட்டி அலவன்ஸ் எவ்வளவு. பிறகு நீங்கள் கட்டும் வாடகை, அந்த அலவன்ஸ், கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்றால் அதன் பிரீமியமும் கூட்டலில் சேரும். லீஸ் முடிந்து மாதத்துக்கு மாதம் இருப்பவரிடம் வாங்கும் கூடுதலும் சேரும். பார்க்கிங் கட்டிய செலவுக்கே வரிச்சலுகை வாங்கியிருந்தால் அதற்குத் தனியாகக் காசு வாங்கவே கூடாது. கூட்டுத்தொகை உச்சத்தை ஒரு டாலர் தாண்டினாலும் அது விதிமீறல். கரண்ட் விலை ஏறியும் அலவன்ஸைப் பழைய எண்ணிலேயே வைத்திருந்தால் அதுவும் உங்கள் பையிலிருந்துதான் போகிறது.

புகாரை ஹட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மாநில வீட்டுவசதி நிதி முகமையின் கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் மீறலை 8823 படிவத்தில் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் படிவத்துக்கு முதலீட்டாளர் நடுங்குவார், ஏனென்றால் வாங்கிய சலுகையைத் திருப்பிப் பிடுங்கலாம். ஆனால் இந்த நடுக்கம் முதல் 15 வருஷத்துக்குத்தான். அதற்குப்பின் ஐ.ஆர்.எஸ். பிடுங்க எதுவும் இல்லை, முதலீட்டாளரும் போய்விடுவார். 1990 முதல் வந்த கட்டடங்களுக்குக் குறைந்தது 30 வருஷ வாடகைக் கட்டுப்பாடு உண்டு என்றாலும் நடுவில் ஒரு திட்டிவாசலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது: 14ஆம் வருஷம் முடிந்ததும், கட்டுப்பாட்டோடு வாங்க ஆள் பிடித்துத் தாருங்கள் என்று உரிமையாளர் முகமையைக் கேட்கலாம். விலையை நிர்ணயிப்பது சட்டத்திலுள்ள ஒரு சூத்திரம். அது பல நேரம் சந்தை விலையைவிட மேலே நிற்கும். ஒரு வருஷத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் கட்டுப்பாடு ஒழிந்தது. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மூன்று வருஷப் பாதுகாப்பு, பிறகு சந்தை வாடகை. மக்கள் பணத்தில் எழுந்த வீடு பாதி வழியில் கைநழுவுகிறது. இந்த உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் சலுகை என்று பல மாநிலங்கள் இப்போது நிபந்தனை வைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்தத் திட்டிவாசலை மொத்தமாக ஒழித்திருக்க வேண்டியது எப்போதோ.

15 வருஷத்துக்குப் பிறகும் ஒரு பிடி மிச்சம் இருக்கிறது. உரிமையாளர் மாநிலத்தோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தத்தை, வருமானத் தகுதியுள்ள எவரும், முன்பு இருந்தவர், இப்போது இருப்பவர், இனி வரப்போகிறவர் உட்பட, மாநில நீதிமன்றத்தில் அமல்படுத்தக் கோரலாம். 42ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒப்பந்தம் நிலத்தோடு சேர்த்துப் பதிவானது. கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகத்தில் முகவரியைக் கொடுத்தால் நகல் கிடைக்கும். எத்தனை வீடுகள், எத்தனை சதவீதம், எந்த வருஷம் வரை என்று எல்லாம் அதில் இருக்கும். வாடகை உயர்வுக்குக் கையெழுத்துப் போடும் முன் அதை வாங்கிப் படியுங்கள். சட்ட உதவி மையத்துக்குப் போவதானாலும் அந்த நகலோடு போங்கள்.